ராத்திரி ஒரு மணிக்கு வரும் இளைப்பு

கேள்வி:

வணக்கம் டாக்டர். எங்கள் ஊர் அறந்தாங்கிப் பக்கம். அப்பாவுக்கு 64 வயது, விவசாயம். 12 வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர். 30 வருடம் பீடி குடித்தவர், ஐந்து வருடத்துக்கு முன்னால் விட்டுவிட்டார். மூன்று மாதமாக இளைப்பு. வரப்பில் கொஞ்ச தூரம் நடந்தாலே நின்று நின்று போகிறார். ராத்திரி படுத்துத் தூங்கி, ஒன்று, ஒன்றரை மணி வாக்கில் மூச்சு முட்டி எழுந்து திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். பக்கத்து கிளினிக்கில் ‘வீசிங்’ என்று சொல்லி நெபுலைசர் வைத்து ஊசி போடுகிறார்கள். இரண்டு நாள் பரவாயில்லை, திரும்பவும் அதே கதை. சாயங்காலம் கால் வீங்குகிறது. நாள் பூரா வயலில் நிற்பதால்தான் என்கிறார். முழங்கால் வலிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். அம்மாவுக்கும் ஒரு மாதமாகக் காலையில் இருமல், சளி. வீட்டில் விறகடுப்புதான். நான் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்க்கும் தன்னார்வலர். போகிற வீடுகளிலும் ‘இளைக்குது’, ‘நெஞ்சடைக்குது’ என்று சொல்பவர்கள் நிறைய. எது நுரையீரல், எது இதயம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? யாரை உடனே அனுப்ப வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அப்பா விஷயம். இன்னொரு முறை நெபுலைசர் வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பாதீர்கள். அவருக்கு ஒரு இசிஜியும், இதயத்தை ஸ்கேன் செய்து பார்க்கும் எக்கோவும் எடுத்தாக வேண்டும். நாளைக்கே கூட்டிப் போங்கள். புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்கு எட்டுகிற தூரம்தான். நீங்கள் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, இதயத்தின் பலம் குறைந்து அதனால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிற இளைப்பாகவே எனக்குத் தோன்றுகிறது. ஒரு கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது. ஆனால் எந்தச் சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்ல முடியும். அப்பாவைப் பொறுத்தவரை அது இதயம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன்? உங்கள் கடிதத்தில் ‘ஒன்று, ஒன்றரை மணி வாக்கில்’, ‘திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்கிறார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த இரண்டு விவரமும் பாதி நோயைச் சொல்லிவிட்டன. பகல் முழுக்க நிற்கும்போதும் நடக்கும்போதும் உடம்பில் தேங்கும் உபரி நீர் காலில் இறங்கி நிற்கும். படுத்ததும் அது மெல்ல மெல்ல ரத்தத்துக்குள் திரும்பும். பலமான இதயம் அதைச் சுலபமாகத் தள்ளிவிடும். தளர்ந்த இதயத்தால் முடியாது. உங்கள் பக்கத்துக் கண்மாயை நினைத்துப் பாருங்கள். வரத்து அதிகமாகி, கலுங்கு வழியாகப் போகும் தண்ணீர் குறைந்தால் பின்னால் இருக்கிற வயல்களில் தண்ணீர் ஏறும் இல்லையா? இதயத்துக்குப் பின்னால் இருக்கிற வயல் நுரையீரல். அங்கே நீர் ஏறி மூச்சு முட்ட ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதனால்தான் படுத்தவுடன் நன்றாகத் தூங்குகிறவர், நடு ராத்திரியில் யாரோ கழுத்தை நெரித்ததுபோல் எழுந்து உட்காருகிறார். கால் மணியோ அரை மணியோ காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் நீர் மறுபடி கீழே இறங்கி மூச்சு சீராகிறது.

ஆஸ்துமாவிலும் ராத்திரி இளைப்பு உண்டு. ஆனால் அது பெரும்பாலும் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு வரும். விசில் மாதிரிச் சத்தமும் இருமலும் கூடவே இருக்கும். எழுந்து உட்கார்ந்த மாத்திரத்தில் அடங்காது. சின்ன வயதிலிருந்தே வந்து வந்து போன கதை இருக்கும், அல்லது தூசு, பனி, ஒட்டடை அடித்த நாள் என்று ஏதாவது ஒன்று தூண்டிவிட்டிருக்கும். 64 வயதில் முதன்முதலாக ‘வீசிங்’ என்று ஒருவர் வந்தால் நான் இதயத்தைப் பார்க்காமல் அந்த வார்த்தையை ஏற்பதில்லை. பீடி, சிகரெட்டால் கெட்ட நுரையீரலின் கதை வேறு. அவர்களுக்கு வருடக்கணக்கில் காலை இருமலும் கோழையும் இருக்கும், சளியைத் துப்பியதும் கொஞ்சம் ஆசுவாசமாகும், இளைப்பு வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். அப்பா 30 வருடம் பீடி குடித்தவர் என்பதால் அதுவும் கொஞ்சம் இருக்கலாம். இரண்டும் ஒரே ஆளிடம் இருப்பது அபூர்வம் இல்லை. ஆனால் மூன்று மாதத்தில் இவ்வளவு தூரம் வந்திருக்கிறது, படுத்தால் முட்டுகிறது, கால் வீங்குகிறது. இந்த மூன்றும் சேரும்போது பீடியை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு இருந்துவிட முடியாது.

அவரிடம் இன்னொன்று கேளுங்கள்: “அப்பா, முன்னாடி எத்தனை தலையணை வச்சுப் படுப்பீங்க, இப்ப எத்தனை?” ஒன்று இரண்டாகியிருக்கிறதா, பாயை விட்டு சாய்வு நாற்காலிக்கு மாறியிருக்கிறாரா? மருத்துவமனைகளில் நாங்கள் தினமும் கேட்கும் கேள்வி இது. பல பேர் “கழுத்து வலிக்குது, அதான் உசரமா வச்சுக்கிறேன்” என்பார்கள். தலையணையை எடுத்துவிட்டு மல்லாக்கப் படுக்கச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும். இந்தச் சோதனையை நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம், கேட்டால் போதும்.

அப்படியானால் நெபுலைசர் வைத்ததும் ஏன் குறைகிறது என்று கேட்பீர்கள். நியாயமான சந்தேகம்தான். நீர் கோத்த நுரையீரலில் மூச்சுக்குழாயும் வீங்கிச் சுருங்கும், அதனால் இதய நோயிலும் விசில் சத்தம் கேட்கும். மருந்து அந்தக் குழாயைக் கொஞ்சம் விரிக்கிறது. அதைவிட முக்கியமாக, நெபுலைசர் வைக்கும்போது அவர் என்ன செய்கிறார்? நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு நிமிர்ந்து 15 நிமிடம் உட்கார்ந்திருக்கிறார். திண்ணையில் செய்ததையே கிளினிக்கிலும் செய்கிறார். பாதி ஆறுதல் அந்த உட்காருதலில் வந்ததாக இருக்கலாம். ‘நெபுலைசருக்குக் கேட்டது, அப்போ வீசிங்தான்’ என்ற முடிவு எத்தனையோ பேரை மாதக்கணக்கில் தாமதப்படுத்தியிருக்கிறது. அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம். அதோடு அந்த ஊசிகளில் ஸ்டீராய்டு இருந்தால் அது உடம்பில் உப்பையும் நீரையும் நிறுத்திவைக்கும், சர்க்கரையையும் ஏற்றிவிடும்.

அடுத்து கால் வீக்கம். இன்று சாயங்காலம் அப்பாவை உட்கார வைத்து, முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே, எலும்பின் மேல் உங்கள் கட்டை விரலை வைத்து அழுத்துங்கள். சும்மா தொட்டுவிட்டு எடுக்கக் கூடாது. மெதுவாகப் பத்து வரை எண்ணி அழுத்திப் பிடித்துவிட்டு எடுங்கள். பிசைந்த மாவில் விரல் பதிந்த மாதிரி குழி விழுகிறதா? எடுத்தபின் அந்த இடத்தை விரல் நுனியால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத குழியும் விரலுக்குத் தெரியும். இரண்டு காலிலும் குழி விழுந்து, கூடவே இளைப்பும் இருந்தால் வயலில் நின்றதைக் காரணமாகச் சொல்லக் கூடாது. பிரஷருக்கு அம்லோடிபின் மாத்திரை போடுகிறவர்களில் சிலருக்கு அந்த மாத்திரையாலேயே கணுக்கால் வீங்கும், ஆனால் அதில் மூச்சு முட்டாது. ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுதசை வலித்து, திடீரென்று இளைப்பும் வந்தால் அது முற்றிலும் வேறு விஷயம். காலில் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். அறுவை சிகிச்சை முடிந்து வந்தவர், எலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பவர், புதிதாகப் பிள்ளை பெற்றவர் ஆகியோரிடம் இதைக் கண்டால் ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள்.

முழங்கால் வலி மாத்திரைக்கு வருகிறேன். கடிதத்தில் இதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இது பெரிய விஷயம். டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் வெளியே போகவிடாமல் பிடித்துவைக்கும். தட்டுத் தடுமாறிச் சமாளித்துக்கொண்டிருக்கும் இதயத்தை இந்த மாத்திரை ஒரே வாரத்தில் கவிழ்த்துவிடும். சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கும் கெடுதல். மருத்துவரைப் பார்க்கும் வரை வலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் மட்டும் போதும். ஒரு எச்சரிக்கை: மெடிக்கலில் பெயர் தெரியாமல் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் ‘செட்’ மாத்திரையில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அதைத் தினமும் பல வாரமாகப் போட்டு வந்திருந்தால் திடீரென்று தானாக நிறுத்துவதும் ஆபத்து. எனவே வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், அட்டை, காகிதம், காலி டப்பா உட்பட ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். சர்க்கரை மாத்திரையில் பயோகிளிட்டசோன் என்ற பெயர் இருக்கிறதா என்று மருத்துவரிடம் குறிப்பாகக் கேளுங்கள். அதுவும் நீர் கோக்க வைக்கும் மருந்து, இதயம் தளர்ந்தவர்களுக்கு ஆகாது.

அங்கே என்ன செய்வார்கள்? இசிஜி, நெஞ்சு எக்ஸ்ரே, எக்கோ, ரத்தத்தில் ஹீமோகுளோபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சர்க்கரை இவ்வளவும் பார்ப்பார்கள். ஸ்டெதாஸ்கோப்பை முதுகின் அடிப்பக்கத்தில் வைத்துக் கேட்பார்கள். நீர் கோத்திருந்தால் அங்கே ஒரு மெல்லிய சத்தம் வரும். காதுக்குப் பக்கத்தில் உங்கள் தலைமுடி நாலைந்தை விரலிடுக்கில் வைத்து உரசிப் பாருங்கள், கிட்டத்தட்ட அந்தச் சத்தம்தான். இதயம் சீரானதும் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி சோதனையும் செய்துகொள்ளட்டும். 12 வருடச் சர்க்கரை என்பதால் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டியிருக்கிறது. நாள்பட்ட சர்க்கரையில் நரம்புகள் மரத்துப்போய், மாரடைப்பு வந்ததே தெரியாமல் போகலாம். வலி இல்லாமல், ஒரு நாள் வெறும் அசதியும் வியர்வையுமாக வந்து போயிருக்கும். மூன்று மாதத்துக்கு முன் அப்படி ஏதாவது நடந்ததா என்று அம்மாவிடமும் கேட்டுப் பாருங்கள். ஆண்கள் மறந்துவிடுவார்கள், வீட்டுப் பெண்களுக்கு அது எந்தக் கிழமை என்பதுகூட நினைவிருக்கும்.

இதய பலக்குறைவு என்று வந்தாலும் பயந்துவிடாதீர்கள். நீர் வெளியேற்றும் மாத்திரை தொடங்கிய சில நாட்களிலேயே மல்லாந்து படுத்துத் தூங்குகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆயுளைக் கூட்டும் நல்ல மருந்துகள் இன்று இருக்கின்றன. ஆனால் அந்த நீர் மாத்திரையை யாரோ சொன்னார்கள் என்று நீங்களாக வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். பொட்டாசியமும் சிறுநீரகமும் பார்த்துத்தான் அளவு வைக்க வேண்டும். இன்றிலிருந்து ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் நான்கையும் ஒதுக்கிவையுங்கள்.

சரி, இப்போது நீங்கள் போகிற வீடுகள்.

உங்கள் பையில் பிரஷர் மிஷினும் சர்க்கரை பார்க்கும் கருவியும் இருக்கின்றன. இந்த வேலைக்கு அவற்றைவிடப் பயன்படுவது உங்கள் கைக்கடிகாரம். மூச்சை எண்ணுங்கள். எண்ணப் போகிறேன் என்று சொல்லிவிட்டால் யாருமே இயல்பாக மூச்சு விட மாட்டார்கள். நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கண் மட்டும் அவர் வயிற்றின் மேலோ தோள் சேலையின் மேலோ இருக்கட்டும். ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கு 12 முதல் 20 வரை இயல்பு. 25-ஐத் தொட்டால் அன்றைக்கே மருத்துவர் பார்க்க வேண்டும். 30 என்றால் 108-ஐக் கூப்பிட வேண்டும். குழந்தைகளுக்குக் கணக்கு வேறு: இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60, அதற்கு மேல் ஒரு வயது வரை 50, ஒன்றிலிருந்து ஐந்து வயது வரை 40. அதைத் தொட்டாலோ தாண்டினாலோ நிமோனியாவாக இருக்கலாம் என்று நினைத்து அனுப்புங்கள். ஆஸ்பத்திரிகளில்கூட மூச்சு எண்ணிக்கையை எண்ணாமலே ஏதோ ஒரு எண்ணை எழுதிவிடும் பழக்கம் உண்டு. நீங்கள் உண்மையாக எண்ணுகிறவராக இருங்கள்.

எண்ணும்போதே இன்னும் சில கண்ணில் படும். பேச்சு எப்படி வருகிறது? ஒரு வாக்கியத்தை முடிக்கிறாரா, இரண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குகிறாரா? முழங்காலில் கையை ஊன்றி முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறாரா? கழுத்து நரம்பும் தசையும் ஒவ்வொரு மூச்சுக்கும் எழும்புகிறதா? உதட்டைக் குவித்து, சூடான காப்பியை ஊதுவதுபோல் மூச்சை வெளியே விடுகிறாரா? அந்தக் கடைசி வகையினர் பெரும்பாலும் நுரையீரல் நோயாளிகள். நம் நிறத்தில் நீலம் பாய்ந்திருப்பது தோலில் தெரியாது, நாக்கையும் உதட்டின் உட்பக்கத்தையும் பாருங்கள். கீழ் இமையை இழுத்துப் பார்த்து வெளுத்திருந்தால் ரத்த சோகையாலும் இளைப்பு வரும். நம் ஊர்ப் பெண்களிடம் அது சாதாரணமாகக் காணப்படும் காரணம். நாடியையும் சும்மா பிடித்திருக்க வேண்டாம், அதன் தாளத்தைக் கவனியுங்கள். ஒழுங்கில்லாமல், ஒன்று வேகமாக ஒன்று தாமதமாக, எந்த வரிசையும் இல்லாமல் துடித்தால் குறித்துக்கொண்டு இசிஜிக்கு அனுப்புங்கள். இதயத்தின் மேலறை தாறுமாறாகத் துடிக்கும் கோளாறாக இருக்கலாம், அதைக் கவனிக்காமல் விட்டால் பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கொரோனாவுக்குப் பிறகு பல வீடுகளில் இருக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் மருதாணியோ நகப்பூச்சோ இருந்தாலும் விரல் குளிர்ந்திருந்தாலும் அது தப்பாகக் காட்டக்கூடும். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். 95-க்கு மேல் இயல்பு. நாள்பட்ட நுரையீரல் நோயாளி ஒருவர் 90-இல் நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பார். 97 காட்டும் இன்னொருவர் மாரடைப்பில் வியர்த்துக்கொண்டிருப்பார். எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஆளைப் பார்க்காமல் விடாதீர்கள்.

நெஞ்சு வலியைப் பற்றி எழுதும்போது ஒரு ராத்திரி எனக்கு ஞாபகம் வரும். நான் பயிற்சி மருத்துவராக இருந்த வருடம். 55 வயதிருக்கும் ஒரு அம்மா வந்தார். “நெஞ்சு கரிக்குதுய்யா, ராத்திரி பரோட்டா சாப்பிட்டேன்” என்றார். நெற்றியில் வியர்வை. மே மாதம், மின்விசிறியும் ஓடவில்லை, எனக்கும்தான் வியர்த்தது. வாயுவுக்கு மருந்து கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து மூத்த செவிலியர் ஒருவர் வந்து, “டாக்டர், அந்தம்மா சேலை முதுகுப் பக்கம் நனைஞ்சு போயிருக்கு, ஒரு இசிஜி எடுத்திடலாம்” என்றார். எடுத்தோம், பெரிய மாரடைப்பு. அந்த அம்மா பிழைத்தார். நான் வீணாக்கிய அந்த ஒரு மணி நேரத்தில் அவருடைய இதயத் தசையில் எவ்வளவு போனது என்பதை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். அன்றிலிருந்து, நாற்பது வயது தாண்டிய யார் ‘கேஸ்’ என்று சொன்னாலும் இசிஜி எடுத்துப் பார்த்த பிறகே நான் கேஸ் என்று ஒப்புக்கொள்கிறேன். பெண்கள், சர்க்கரை உள்ளவர்கள், வயதானவர்கள் மூவரிடமும் மாரடைப்பு இப்படித்தான் வேஷம் மாற்றி வரும்: ஏப்பம், குமட்டல், தாடை வலி, முதுகு வலி, வெறும் இளைப்பு.

வழக்கமாக வரும் இதய வலியின் முகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1768-இல் லண்டனில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் அதை முதன்முதலாகத் தெளிவாக எடுத்துச் சொன்னார். நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போதும் சாப்பிட்ட உடனேயும் நெஞ்சில் வரும், நின்றால் போய்விடும் என்றார். அப்போது இசிஜியும் இல்லை, ஸ்டெதாஸ்கோப்பும் இல்லை. நோயாளிகள் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டே அவ்வளவையும் கண்டுபிடித்தார். உங்களாலும் முடியும். “எங்க வலிக்குது, காட்டுங்க” என்று கேளுங்கள். ஒரு விரலால் ஒரு புள்ளியைக் காட்டுகிறவருக்குப் பெரும்பாலும் இதயம் இல்லை. உள்ளங்கையை விரித்தோ கையை மூடி முட்டியாகவோ நெஞ்சின் நடுவில் வைத்து, ‘அம்மிக்கல்லைத் தூக்கி வச்ச மாதிரி’ என்கிறவரைக் கவனியுங்கள். மூச்சை இழுக்கும்போது மட்டும் குத்துகிற வலி, காய்ச்சலும் இருமலும் சேர்ந்திருந்தால், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையினுடையதாக இருக்கும். அழுத்தினால் வலிப்பது தசையோ விலா எலும்போ. ஆனாலும் இதை மட்டும் வைத்து யாரையும் ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடாதீர்கள்.

ஓய்வாக உட்கார்ந்தும் கால் மணிக்கு மேல் நீடிக்கிற பாரம், வியர்வை, மயக்கம் வருவதுபோல் இருத்தல் இவற்றில் எது இருந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். அவரை நடக்க விடக் கூடாது. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுபோவதும் கூடாது. ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் மென்று விழுங்கக் கொடுப்பது நல்லது, ஆனால் அந்த மாத்திரை ஒவ்வாதவர்களுக்கும் வயிற்றில் ரத்தக் கசிவு இருந்தவர்களுக்கும் கூடாது. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தின்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் இதற்கான முதல் தவணை மாத்திரைகளை வைத்திருக்கிறார்கள். உங்கள் துணை சுகாதார நிலையத்தில் அவை எந்த அலமாரியில் இருக்கின்றன, கடைசியாக எப்போது தேதி பார்த்தார்கள் என்று செவிலியரிடம் இந்த வாரமே கேட்டுவையுங்கள். இன்னொன்று, முதலில் எடுத்த இசிஜி சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று சொல்லிவிட முடியாது. வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்க வேண்டும், இதயத் தசை சேதமாகியிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தச் சோதனையும் சில மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கும். ‘இசிஜி நல்லாருக்குன்னு அனுப்பிட்டாங்க’ என்று வீட்டுக்கு வந்தும் வலி விடாதவரைத் திருப்பிக் கூட்டிப் போகச் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறேழு மாதத்தில் கொஞ்சம் மேல்மூச்சு வாங்குவது இயல்புதான். ஆனால் படுத்தால் முட்டுகிறது, இருமினால் சளியில் ரத்தம் வருகிறது என்றால் அது இயல்பு இல்லை. சின்ன வயதில் தொண்டை வலியும் மூட்டு வீக்கமுமாக வந்துபோன காய்ச்சல் இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டிருக்கும். அதுவரை தெரியாமல் இருந்தது, கர்ப்பத்தில் ரத்த ஓட்டம் பெருகும்போது முதன்முதலாக வெளியே வரும். “மாசமா இருந்தா அப்படித்தான்” என்று மாமியாரும் அம்மாவும் சேர்ந்து சொல்லும் இடத்தில் நீங்கள் ஒருவராவது கேள்வி கேளுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு வருகிறேன். ஒரு மாத இருமல் என்கிறீர்கள். இரண்டு வாரத்தைத் தாண்டிய எந்த இருமலுக்கும் சளியைக் காசநோய்க்குப் பரிசோதிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். காலையில் எழுந்ததும் ஆழமாக இருமி எடுத்த சளியைக் கொடுக்க வேண்டும், எச்சில் போதாது. அதில் ஒன்றும் இல்லை என்றால் அடுத்து சந்தேகப்பட வேண்டியது விறகுப் புகை. வாழ்நாளில் ஒரு பீடியைத் தொடாத பெண்களுக்கு, பீடி குடித்தவர்களுக்கு வருகிற அதே நுரையீரல் நோய் அடுப்படியில் வருகிறது. கேஸ் சிலிண்டர் இருந்தும் வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் விறகு எரிக்கிற வீடுகள் நிறைய. அடுப்பைக் கூரைக்கு வெளியே கொண்டுபோனாலே பாதிப் புகை குறையும். அவர் பிரஷருக்கு எனலாபிரிலோ ராமிபிரிலோ போடுகிறாரா என்றும் பாருங்கள். அந்த வகை மாத்திரை சிலருக்கு விடாத வறட்டு இருமலைத் தரும், ஆனால் அதில் சளி இருக்காது. இன்ஹேலர் எழுதிக்கொடுத்தால் ‘பழகிப்போய்விடும்’ என்று பயந்து மறுக்க விடாதீர்கள். மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவு மருந்துதான் அதில் இருக்கிறது, அது நேராக நுரையீரலுக்குப் போகிறது.

அப்பாவைக் கூட்டிப் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். வெளிநோயாளிப் பிரிவின் வரிசையில் மருத்துவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். ‘இளைப்பு’ என்று மட்டும் சொன்னால் திரும்பவும் நெபுலைசர் அறைக்கு அனுப்பிவிடலாம். ‘மூன்று மாதமாக நடந்தால் இளைப்பு, தூங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் முட்டி எழுகிறார், உட்கார்ந்தால் குறைகிறது, இரண்டு காலிலும் குழி விழுகிறது, 12 வருடச் சர்க்கரை, வலி மாத்திரை போடுகிறார்’ என்று நீங்கள் எழுதிய இந்த ஐந்தாறு வரியைப் படித்தால் போதும். எந்த மருத்துவரும் பேனாவை வைத்துவிட்டு அப்பாவை நிமிர்ந்து பார்ப்பார்.

போவதற்குள் இன்று ராத்திரியே முட்டினால் படுக்க வைக்காதீர்கள். நாற்காலியில் காலைத் தொங்கவிட்டு உட்கார வையுங்கள், நிறையத் தண்ணீர் குடிக்கக் கொடுக்காதீர்கள். கால் மணியில் அடங்கவில்லை, அல்லது நுரை நுரையாக, இளஞ்சிவப்பாகச் சளி வருகிறது என்றால் விடியும்வரை பார்க்க வேண்டாம், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டில் எடை பார்க்கும் மிஷின் இல்லை என்றால் துணை சுகாதார நிலையத்தில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து தினமும் காலையில், சிறுநீர் போனபிறகு, சாப்பிடும் முன் அப்பாவின் எடையை நாட்காட்டித் தாளிலேயே குறித்துவையுங்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் நீர் மறுபடி கோக்கிறது என்று அர்த்தம். அடுத்த தேதிக்குக் காத்திராமல் அப்போதே போக வேண்டும். எக்கோ அறிக்கை வந்ததும் அதையும், அந்த எடைக் குறிப்பையும், இப்போது எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறார் என்பதையும் எனக்கு எழுதுங்கள். அம்மாவின் சளிப் பரிசோதனை முடிவையும் மறந்துவிடாதீர்கள்.